போக்ராவில் பறக்கப் போகிறீர்களா? ‘ரூபாய்’ என்றால் எந்த ரூபாய் என்று கேளுங்கள்

டெல்லியிலிருந்து நேபாளம் கிளம்பும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை அனுப்பிய டிராவல் ஏஜென்ட் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆள் அறிமுகமானது இங்கே டெல்லி மலைமந்திர் முருகன் கோயிலில், ஒரு கிருத்திகை அன்று. பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், “சாருக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்தார். பதினெட்டு வருடமாக ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். நாள் முழுக்க இந்தியில் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனிடம் யாராவது திருநெல்வேலித் தமிழில் பேசினால் பாதி மனசு அங்கேயே இளகிவிடும். அது அவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவர் போட்டுக் கொடுத்த பயணம்: காத்மாண்டு, போக்ரா, நான்கு இரவு. அப்புறம் பாராகிளைடிங் (பாராசூட் மாதிரி ஒரு குடையில் மலையிலிருந்து பறப்பது), தலைக்கு 8,500 ரூபாய், அரை மணி நேரம், வீடியோவும் சேர்த்து. நான், மனைவி, மச்சினன் என மூன்று பேர். மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கக்கூட யோசிக்கிற ஜாதி நாங்கள். விலை கொஞ்சம் அதிகமோ என்று இழுத்தேன். உடனே போக்ரா ஏரிக்கரைக் கடை ஒன்றின் விலைப்பலகையைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பளிச்சென்று 8,500. “அங்க என்ன ரேட்டோ அதேதான் சார், எனக்குக் கமிஷனே வேண்டாம்.” 25,500 அனுப்பிவிட்டேன்.

விமான நிலையத்திலேயே முதல் சகுனம். ஆதார் போதும் என்று சொல்லியிருந்தார். போதாது. விமானத்தில் நேபாளம் போகிற, 15 முதல் 65 வயது வரையுள்ள நம் நாட்டவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான் செல்லும். மச்சினன் பர்ஸில் வாக்காளர் அட்டை கிடந்ததால் தப்பித்தோம்.

சாரங்கோட் மலைக்கு ஜீப்பில் ஏறும்போதுதான் விஷயம் உடைந்தது. பக்கத்தில் இருந்த லக்னோ பையன் தான் கட்டியது 8,500 என்.சி. என்றான். அங்கே எல்லோர் வாயிலும் இந்த இரண்டும்தான்: ஐ.சி. என்றால் நம் பணம், என்.சி. என்றால் நேபாளப் பணம். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய். 1993 முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. அந்தப் பலகையில் இருந்ததும் என்.சி.தான், நம் பணத்தில் ஏறக்குறைய 5,300. தலைக்கு 3,200 வீதம் மூன்று பேருக்கு 9,500க்கு மேல் நம்மூர்க்காரர் மடியில். அனுப்பிய படம் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மேலே போனால் அடுத்தது. எங்கள் சீட்டு நாலு மணிக்கு, அன்றைய கடைசி வரிசை. பைலட் பின்னால், நான் முன்னால். “தௌடோ, பைட்னா நஹீ” என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்: ஓடு, உட்காராதே. ஏழெட்டு அடி ஓடியிருப்பேன், கால் காற்றில் மிதிக்கிறது. கீழே ஃபேவா ஏரி, வடக்கே மச்சபுச்சரே சிகரம். அந்த நிமிடத்தைக் குறை சொல்ல மாட்டேன். பைலட்டுகள் தங்கமானவர்கள். மச்சினன் சொன்னதைக் கேட்காமல் பாதியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான், அது அவன் சாமர்த்தியம்.

ஆனால் பன்னிரண்டே நிமிடத்தில் ஏரிக்கரையில் இறங்கிவிட்டோம். ஏன் என்று கேட்டதற்கு பைலட் விளக்கினார். வெயில் ஏறினால் தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்பும், குடையும் அதோடு சேர்ந்து எழும்பும். சாயங்காலம் அது அடங்கிவிடும். ஏறும் இடம் சுமார் 1,600 மீட்டர், இறங்கும் இடம் சுமார் 800. காற்று தூக்காவிட்டால் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலாகவே குடை இறங்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள். டெல்லியிலிருந்து எங்களுக்கு வாங்கியிருந்ததே மலிவான குறுகிய பறப்புச் சீட்டாம். ரசீதில் ‘பாராகிளைடிங் 3 பேர்’ என்று இருக்கிறது, எத்தனை நிமிடம் என்று ஒரு எழுத்தில்லை. வீடியோவும் கணக்கில் இல்லை என்று தலைக்கு 2,000 என்.சி. தனியாக வாங்கிக்கொண்டுதான் மெமரி கார்டைக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்து, அவர் எடுத்துக் கொடுத்த பயணக் காப்பீட்டைப் பிரித்தால் சாகச விளையாட்டுகள் நீங்கலாக என்று இருக்கிறது. மேலே ஏதாவது ஆகியிருந்தால் ஒரு பைசா வந்திருக்காது. பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் இதைக் கேட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

போன் செய்தேன். “போர்டுல என்ன போட்டிருந்துச்சோ அதத்தான சார் வாங்கினேன்?” என்றார். அப்புறம், அடுத்த டிரிப்பில் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு 4,000 ரூபாய் திரும்பி வந்தது, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஒரு குரல் பதிவோடு. வாங்கவில்லை. மீதிக்கு இங்கே டெல்லியிலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

நேற்று அவரிடமிருந்து பாலி ராஃப்டிங் பேக்கேஜ் என்று ஒரு ஃபார்வர்டு, என் எண்ணை இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறார். இந்தோனேசியப் பணத்தில் பலகையெல்லாம் லட்சக்கணக்கில் இருக்கும் என்பதாலோ என்னவோ, இந்த முறை விலைப்பலகைப் படம் மட்டும் இல்லை.