மொத்த விலை லாகின் வைத்திருக்கும் ஜவுளிக்காரர்கள் கவனத்திற்கு: உங்கள் வாடிக்கையாளரின் பில்லை வேறொருவர் திறக்க முடிகிறதா?

சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை, துண்டு ஆகியவற்றை நெய்து வாங்கி மொத்தமாக விற்பது எங்கள் குடும்பத் தொழில். கோவையில் உள்ள ஒரு நிறுவனம் எங்களுக்கு, தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் ஆகிய மென்பொருள்களைக் கொண்டு இணையதளம் அமைத்துக் கொடுத்து, பராமரிப்புக்கென ஆண்டுக் கட்டணமும் வாங்கி வந்தது. அந்தத் தளத்தில் அவர்கள் எழுதிப் போட்ட ஒரு பிளகினின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலின்) குறையால் எங்கள் வாடிக்கையாளர்களின் பில்கள், முகவரிகள், கைப்பேசி எண்கள், அவரவருக்கென நாங்கள் வைத்திருந்த விலைகள் எல்லாம் பிறர் கைக்குப் போயின. எங்கள் பெயரைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரிடம் பணமும் பறிக்கப்பட்டது. ஈரோடு, கரூர், திருப்பூர் வட்டாரத்தில் இதே முறையில் தளம் வைத்திருப்பவர்கள் பலர் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மொத்த வியாபாரத்தில் எல்லோருக்கும் ஒரே விலை கிடையாது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ரொக்கத்துக்கு எடுப்பவருக்கு ஒரு விலை, கடனுக்கு எடுப்பவருக்கு ஒரு விலை, மழைக்காலத்துக்கு முன்பே பேல் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்பவருக்கு வேறொரு விலை. வாடிக்கையாளர் லாகின் செய்தால் அவருக்குரிய விலைப்பட்டியலும் அவருடைய பழைய பில்களும் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிளகினைத் தனியாகப் பணம் கொடுத்து எழுத வைத்தோம். கரூரிலிருந்து ஆண்டாண்டாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒருவர் ஒருநாள் போனில், "ஏனுங்க, பாலக்காட்டுக்காரருக்கு டபுள் பெட்ஷீட்டு என்னையவிடக் கம்மியாப் போட்டிருக்கீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டபோது, அவருக்கு அந்த விலை எப்படித் தெரிந்தது என்பதே எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: தங்கள் பில்லை இறக்கிக்கொண்டிருந்த மகன், இணைப்பின் கடைசியில் இருந்த எண்ணை ஒன்று கூட்டிப் பார்த்திருக்கிறான், அடுத்த வாடிக்கையாளரின் பில் முழுவதுமாகத் திறந்துகொண்டது.

உடனே நிறுவனத்தை அழைத்துச் சொன்னோம். "அண்ணா, நம்பரை மாத்திப் பாக்கோணும்னு யாருக்குங்க தோணும்?" என்பதுதான் முதலில் கிடைத்த பதில். வற்புறுத்திய பிறகு சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்கள். இணைப்பின் கடைசியில் எண்ணுக்குப் பதிலாக ஏதோ எழுத்துக்கோவை வந்திருந்ததால் நாங்களும் நம்பினோம். கோவையில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் மைத்துனர் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது பூட்டே இல்லீங்க, அதே நம்பரை வேற எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க" என்றாள். அது பேஸ்64 என்னும் குறியீட்டு முறை. அதற்குச் சாவி எதுவும் கிடையாது. எவரும் நொடியில் எண்ணாக மாற்றலாம், எண்ணை மீண்டும் அந்தக் கோவையாகவும் மாற்றலாம். இரண்டாம் முறை புகார் செய்தபோது நான்ஸ் என்னும் சரிபார்ப்புக் குறியைச் சேர்த்தார்கள். ஒரு வேண்டுகோள் நம் தளத்தின் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்பதைப் பார்ப்பதற்கே அது உதவும். அனுமதி வழங்குவதற்கு அதை நம்பக் கூடாது என்று வேர்ட்பிரஸின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. லாகின் செய்த ஒவ்வொருவரின் பக்கத்திலும் அந்தக் குறி அச்சாகி வருவதால், அடுத்தவர் பில்லைத் திறக்க நினைப்பவர் கையிலும் அது இருக்கும்.

உண்மையில் இல்லாமல் போனது ஒரே ஒரு சோதனைதான். கிடங்கு வாசலில் நிற்பவர் டோக்கன் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விட்டுவிட்டு, எந்த பேலை யார் எடுத்துச் செல்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பிளகின் வேலை செய்தது. "லாகின் செய்திருக்கிறாரா" என்று கேட்டது. "இந்தப் பில் இவருடையதா" என்று கேட்கவே இல்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில், 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்த இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறை 2021-இல் முதலிடத்துக்கு வந்தது. யாருக்கும் தோன்றாது என்று எங்களிடம் சொல்லப்பட்டது இதைப் பற்றித்தான்.

பிளகினின் நிரலை முழுவதுமாகப் படித்துப் பார்த்தபோது இதைவிடப் பெரிய ஓட்டை தெரிந்தது. விலைகளையும் தள அமைப்புகளையும் மாற்றும் செயல்பாடு, வேர்ட்பிரஸின் அஜாக்ஸ் (பக்கத்தை மறுபடி திறக்காமலே பின்னணியில் தளத்துக்கு வேண்டுகோள் அனுப்பும் முறை) வழியாக வரும் வேண்டுகோளுக்குக் கட்டுப்படும்படி எழுதப்பட்டிருந்தது. அதைச் செய்பவருக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்கும் "கரன்ட் யூசர் கேன்" என்ற கட்டளை எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக "இஸ் அட்மின்" என்ற கட்டளை இருந்தது. பெயரைப் பார்த்தால் நிர்வாகியா என்று கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் வேண்டுகோள் நிர்வாகப் பகுதிக்கு வருகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும், அஜாக்ஸ் வழியாக யார் எதைக் கேட்டாலும் "ஆம்" என்றுதான் சொல்லும். வேர்ட்பிரஸ் பிளகின் எழுதுபவர்கள் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஒரு துண்டு வாங்குவதற்காகப் பதிவு செய்துகொண்டவர்கூட எங்கள் தளத்தின் அமைப்புகளை மாற்றலாம் என்ற நிலையில் நாங்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். பயனர் பட்டியலைத் திறந்தபோது, நாங்கள் அறியாத ஒரு அட்மின் கணக்கு அதில் இருந்தது.

அதன் பிறகு எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு, சரியான பில் எண், சரியான தொகை, எங்கள் முத்திரை ஆகியவற்றுடன், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாட்ஸ்அப் செய்தி போயிருந்தது தெரியவந்தது. பெரும்பாலோர் எங்களை அழைத்துக் கேட்டுவிட்டார்கள். திருச்சூரில் ஒருவர் பணம் அனுப்பிவிட்டார். நம் பெயரை நம்பிப் பணம் அனுப்பிய மனிதரிடம், அது எங்களுக்கு வரவில்லை என்று சொல்வது எத்தகைய வேதனை என்பதை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

இது எங்கள் தளத்துக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ் என்ற பிளகினில் இதே வகைக் குறை இருந்தது. தாக்கியவர்கள் பதிவு வசதியைத் திறந்துவிட்டு, புதிதாகப் பதிவு செய்பவர் அட்மினாகவே சேரும்படி அமைப்பை மாற்றினார்கள். 2023 மார்ச்சில், பக்கங்களை வடிவமைக்க உதவும் எலிமென்டர் ப்ரோ பிளகினில் வெளியான குறை, வூகாமர்ஸுடன் சேர்த்து அதைப் பயன்படுத்தும் கடைகளில் சாதாரண வாடிக்கையாளர் கணக்கு வைத்திருப்பவரும் தள அமைப்புகளை மாற்ற வழிவிட்டது, 3.11.7 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. அதே மாதத்தில் வெளிப்பட்ட வூகாமர்ஸ் பேமென்ட்ஸ் குறையில், லாகினே இல்லாமல் அட்மினாக நடிக்க முடிந்தது. பாதுகாப்புக்கென்றே நிறுவப்படும் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி பிளகினிலும் 2024 நவம்பரில், அதன் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்கியிருந்த தளங்களில் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையும்படியான குறை கண்டறியப்பட்டது.

இவையெல்லாம் ஊரறிந்த பிளகின்கள் என்பதால் குறை வெளியே வந்தது, திருத்திய பதிப்பும் வந்தது. நமக்கென்று தனியாக எழுதிக் கொடுக்கும் பிளகினுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வேர்ட்பிரஸ் அதைப் பற்றி அப்டேட் அறிவிப்பு காட்டாது; பிளகின்களின் குறைகளைத் தொகுத்து வெளியிடும் வேர்ட்ஃபென்ஸ், பேட்ச்ஸ்டாக் போன்றோரின் பட்டியல்களிலும் அது இடம்பெறாது. எழுதியவர் பார்க்காவிட்டால் வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. "எல்லாம் அப்டேட் ஆகியிருக்குதுங்க" என்று எங்களுக்கு மாதந்தோறும் வந்த பராமரிப்பு அறிக்கை பொய்யில்லை, ஆனால் இந்த ஓட்டையை அது ஒருபோதும் காட்டியிருக்காது.

உங்கள் தளத்தைச் சோதிக்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்களே இரண்டு வாடிக்கையாளர் கணக்குகளைத் தொடங்கி, ஒன்றில் ஆர்டர் போட்டு அதன் பில் இணைப்பை எடுத்துக்கொண்டு, மற்றொரு கணக்கில் லாகின் செய்த வேறு பிரவுசரில் ஒட்டிப் பாருங்கள். லாகினே இல்லாமலும் ஒட்டிப் பாருங்கள். இரண்டில் எதில் திறந்தாலும் உங்கள் வாடிக்கையாளர் விவரம் வெளியே இருக்கிறது என்றே பொருள். பயனர் பட்டியலில் அட்மின்களை மட்டும் பிரித்து ஒவ்வொருவரும் யார் என்று உறுதி செய்யுங்கள். பொது அமைப்புகள் பக்கத்தில், புதிதாகச் சேர்பவருக்கு எந்தப் பொறுப்பு கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தெரியாத அட்மின் இருந்தால் அந்தக் கணக்கை நீக்குவது மட்டும் போதாது. அவர் உள்ளே ஏற்றி வைத்த கோப்புகள் தங்கியிருக்கும் என்பதால், தளத்தையே தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். இந்தச் சோதனைகளை உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் தளத்தில் செய்தால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் உங்கள் மேல் பாயும்.

பணம் போன செய்தி தெரிந்தவுடன் அந்தத் திருச்சூர்க்காரரை, இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-இல் புகார் செய்யச் சொன்னோம். நாங்களும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்தோம். விசாரணைக்குத் தளத்தின் பதிவேடுகளை (யார் எப்போது வந்து என்ன செய்தார் என்று தளம் தானாகக் குறித்து வைக்கும் லாக்) கேட்டபோதுதான், அவற்றைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று நிறுவனம் சொன்னது. பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், இத்தகைய நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு கூறுகிறது. அதைச் சுட்டிக்காட்டியதற்கு, ஓட்டையை அடைப்பது ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) வராது, தனிக் கட்டணம் ஆகும் என்று மதிப்பீட்டை அனுப்பினார்கள். தாங்கள் எழுதிய நிரலின் பிழைக்கு நம்மிடமே மறுபடி காசு கேட்பதை எந்த வகையில் நியாயப்படுத்துவார்கள் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

தளத்தை வேறொருவரிடம் மாற்றிவிட்டோம். தாங்கள் எழுதும் நிரலில் உள்ள குறையைக் கட்டணமின்றித் திருத்துவது, பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருப்பது, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் யாருக்கு உரிமை என்பதை எழுத்தில் தருவது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் உள்ளன. கடைசியாகப் பேசியபோது பழைய நிறுவனத்தார், "இதே பிளகினைத்தானுங்க எத்தனையோ கடைக்குப் போட்டிருக்கோம், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லீங்க" என்று சொன்னார்கள். அந்தக் கடைகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். உங்கள் தளத்தில் பில் இணைப்பு வெறும் எண்ணிலோ, சமக்குறியில் முடியும் எழுத்துக்கோவையிலோ முடிந்தால், மேலே சொன்ன இரண்டு கணக்குச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்; பில் திறந்தால், திருத்தம் வரும்வரை பில் இறக்கும் வசதியை நிறுத்திவைத்து, வாடிக்கையாளர்களுக்கு நீங்களே போன் செய்து உங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை என்று சொல்லிவிடுங்கள்.