வண்ணம் பூசிய மரச்சாமானுக்குத் தேன்மெழுகா, கார்னாபா மெழுகா?
பினாங்கில் சாக் பெயின்ட் (சுண்ணக்கட்டிபோல் பளபளப்பின்றி உலரும் வண்ணம்) பூசிய மரச்சாமானுக்கு மேல்பூச்சு மெழுகைத் தேர்ந்தெடுப்பவர், இவ்வூரின் வெக்கையையும் ஈரக்காற்றையும் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகும் தேன்மெழுகு, மென்மையானதாகையால் துணியால் தேய்க்க எளிதில் பரவி இதமான மினுமினுப்பைத் தருகிறது. ஆனால் வெயில் படும் ஜன்னலோரத்தில் அதுவே பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை வண்ணத்தின்மேல் மஞ்சள் சாயலும் ஏறலாம். பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபாவோ 80 பாகையைத் தாண்டியே உருகுவதால், கெட்டியான, பளபளப்பான படலமாக நிற்கிறது. தனியாகத் தேய்க்க இயலாத அளவுக்குக் கடினமானது என்பதால், கடைகளில் பெரும்பாலும் கரைப்பானும் வேறு மெழுகும் கலந்த பசையாகவே விற்கப்படுகிறது. ஜோர்ஜ்டவுன் கடைவீட்டு முன்கூடத்து அலமாரிக்கு நான் கார்னாபாக் கலவையையே பரிந்துரைப்பேன். படுக்கையறைப் பெட்டிக்குத் தேன்மெழுகு போதும். சுடச்சுடத் தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) வைக்கும் மேசைக்கு மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு வார்னிஷ் அடிப்பது நல்லது.