பெட்டியில் ஆர்ஜென்டைட், உள்ளே அகாந்தைட்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். சமன்பாட்டைப் பலகையில் எழுதிக் காட்டுவதை விட, அந்தக் கறுப்பான வெள்ளிச் சல்பைட்டை, அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சேர்வையை, மண்ணுக்குள் விளைந்த கல்லாகவே கையில் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தேடத் தொடங்கினேன். செட்டியார் தெருவில் விசாரித்தபோது, காலி வீதியில் மாணிக்கக் கற்களோடு கனிமத் துண்டுகளும் விற்கும் ஒரு சின்னக் கடையைச் சொன்னார்கள்.

பெருவிரல் நகமளவு கறுப்புத் துண்டு, வெள்ளைப் பளிங்கின் மேல் ஒட்டியபடி. விலை 9,500 ரூபாய். பெட்டியின் அடியில் “ஆர்ஜென்டைட், மெக்சிக்கோ” என்று எழுதியிருந்தது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன், கல் நல்ல கல். வீட்டில் பிளேடு முனையால் ஓரத்தை மெல்லச் சீவினேன். பொடியாகவில்லை, ஈயம் போல வெட்டுப்பட்டது. வெட்டின இடம் பளபளத்தது. வெள்ளிச் சல்பைட்டின் அடையாளமே அதுதான், கறுப்பாக இருக்கும் மற்றக் கற்கள் அநேகமாக நொறுங்கிவிடும். எடையில் சுமார் 87 வீதம் வெள்ளி என்பதால் அளவைப் பார்த்து நினைப்பதை விடக் கனமாக இருக்கிறது. சதுரப் பெட்டி போன்ற சிறு படிகங்கள் கூட முழுசாக இருக்கின்றன.

எனக்குப் பிரச்சினை எழுதியிருந்த பெயரில். வெள்ளிச் சல்பைட்டு ஏறக்குறைய 175 பாகை செல்சியசுக்கு மேலே இருக்கும்போது அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும், அந்த நிலைக்குத்தான் ஆர்ஜென்டைட் என்று பெயர். சூடு தணிந்ததும் உள்ளே அடுக்கு சரிந்து வேறு ஒழுங்குக்குப் போய்விடும், அது அகாந்தைட். வெளிவடிவம் மட்டும் பழைய சதுரமாகவே நின்றுவிடும். சட்டை அதே சட்டை, ஆள் மாறிவிட்டார். ஆகவே கொழும்பு வெயிலில் கூட ஆர்ஜென்டைட் ஆர்ஜென்டைட்டாக இருக்க முடியாது. நம் கையில் கிடைப்பது எல்லாமே அகாந்தைட்தான், கொலுசில் படியும் கறுப்பும் அதே சேர்வைதான்.

1845இல் ஹைடிங்கர் என்ற கனிமவியலாளர் இலத்தீனில் வெள்ளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆர்ஜென்டைட் என்று வைத்தார். பத்து வருடம் கழித்துக் கென்கொட் என்ற இன்னொரு கனிமவியலாளர் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, முள் போல நீண்ட படிகங்களுக்கு அகாந்தைட் என்று வைத்தார். அந்தப் படிகங்கள் கிடைத்த, இன்றைய செக் நாட்டில் இருக்கும் யாக்கிமோவ், ஒரு காலத்தில் ஜெர்மன் மொழியில் யோவாகிம்ஸ்தால் எனப்பட்ட சுரங்க ஊர். அங்கே அடித்த வெள்ளி நாணயமான ‘தாலர்’தான் டொலரின் மூலம் என்று சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பழைய பெயரை வியாபாரிகள் இன்னும் விடவில்லை. கடைக்காரத் தம்பியிடம் திரும்பப் போய்ச் சொன்னபோது, “ரீச்சர், ஆர்ஜென்டைட் என்று கேட்டுத்தான் ஆட்கள் வருகினம்,” என்றார். அது அவருடைய பக்கத்து நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் படிக்கிற பிள்ளை அந்தப் பெயரைப் பரீட்சையில் எழுதினால் யார் பொறுப்பு? பழைய பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரியான பெயரையும் எழுதலாம்.

பெயரை விடப் பெரிய குறை, எந்தச் சுரங்கம் என்று இல்லாதது. மெக்சிக்கோவில் குவானஹுவாத்தோ போன்ற பேர்போன வெள்ளி ஊர்கள் பல இருக்கின்றன. ஊர் தெரியாத கனிமத்துக்குச் சேகரிப்பாளரிடம் பாதி மதிப்புத்தான். கேட்டதற்கு, மொத்தமாக வாங்கிய இடத்திலேயே எழுதியிருக்கவில்லை என்றார்.

மற்றபடி கடை நல்லது. அவசரப்படுத்தவில்லை, உருப்பெருக்கிக் கண்ணாடியும் விளக்கும் தந்து பார்க்க விட்டார்கள். பஞ்சு வைத்துக் கட்டியதில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிபட்டும் ஒரு படிகம் உடையவில்லை. படிப்பிக்க ஒரு துண்டு தேவையென்றால் வாங்கலாம், சேகரிப்புக்கென்றால் சுரங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். மிச்சமிருந்த இரண்டு துண்டுகளின் பெட்டியில் நீலப் பேனையால் புதிதாக எழுதியிருந்தது: “அகாந்தைட் (ஆர்ஜென்டைட் உருவில்)”.