வேலையிழப்பும் வீட்டுச் செலவும்: ஜெர்மனியும் வட ஆற்காடும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் பொருள்களை வாங்கும் நாடுகளுள் ஜெர்மனியும் ஒன்று. ஆனால் வேலையிழந்தவரின் வீட்டுச் செலவு இரண்டு இடங்களிலும் ஒரே விதமாகச் சுருங்குவதில்லை.

ஜெர்மனியில் வேலையிழப்புக் காப்பீட்டுத் தகுதி பெற்ற தொழிலாளிக்கு இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதமும், பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதமும், 50 வயதுக்குட்பட்டவராயின் அதிகபட்சம் 12 மாதங்கள் வரை கிடைக்கும். ஆகவே முதலில் ஒத்திப்போடப்படுபவை காரும் சுற்றுலாவும்தான். உண்மையான நெருக்கடி அந்தத் தொகை நிற்கும்போதே தொடங்குகிறது.

இங்கு நெருக்கடி முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டு அமைப்பான ஈ.எஸ்.ஐ. 2018இல் தொடங்கிய வேலையிழப்பு உதவி, 2020இல் சராசரி தினசரி வருமானத்தில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டபோதும் அதன் வரம்பு 90 நாட்கள்தான்; வீட்டிலிருந்தபடி பீஸ் ரேட்டுக்குக் காலணியின் மேற்பாகம் தைக்கும் பெண்களுக்கோ அதுவும் எட்டாது. ரேஷன் கடையின் விலையில்லா அரிசி அடுப்பை அணையவிடாது என்பது உண்மையே (இதைச் சிறிய உதவியென்று நான் கருதவில்லை). எனினும் பாலும் கறியும் குறைகின்றன, பிள்ளைகளின் டியூஷன் நிற்கிறது, நகை அடகுக்குப் போகிறது, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றும் நேரம் கூடுகிறது. புதிய வேலை கிடைத்த பின்னும் சம்பளத்தின் ஒரு பகுதி அடகு வட்டிக்கே போவதால், இங்கே நுகர்வு பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் காலம் பிடிக்கிறது.