பழைய கார் கரண்டு வேலை: பொருளை மாற்றுவதா, பழுதைத் தேடுவதா, முழு வயரிங் இழுப்பதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய கார்கள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மாந்தோப்புக்குப் போய்வரும் ஆம்னி, பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் நிற்கும் மாருதி 800, வீட்டுப் பெரியவர் விற்க மனசில்லாமல் வைத்திருக்கும் அம்பாசடர். அம்பாசடரும் 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றவை. ஆம்னி 2019-ல் நின்றது. இன்ஜின் வேலை என்றால் எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். கரண்டு வேலை என்று வரும்போதுதான் குழப்பம்: லைட் மங்குகிறது, செல்ஃப் இழுக்கத் திணறுகிறது, இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

அப்போது நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சந்தேகப்படும் பொருளை மாற்றிப் பார்ப்பது ஒன்று. பழுதான இடத்தை அளந்து கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்வது இன்னொன்று. மூன்றாவது, பழைய வயரிங்கை மொத்தமாக உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்தில் ஏழெட்டு வண்டிகளுக்கு இரண்டாவது வழியே போதும். ஆனால் அதிகம் நடப்பது முதல் வழிதான்.

பொருளை மாற்றிப் பார்ப்பது

"பேட்டரி போயிடுச்சுங்கண்ணா, புதுசு போட்டுடலாம்." பல கடைகளில் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே வரும் வார்த்தை இது. புது பேட்டரி போட்டதும் வண்டி நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். பழைய பழுதை அந்தப் புதிய தெம்பு கொஞ்ச நாள் மறைத்துவைக்கும். அப்புறம் அதே திணறல். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள், அதற்கடுத்து டைனமோ. (ஆல்டர்னேட்டரைத்தான் இங்கே எல்லோரும் டைனமோ என்கிறோம்.) கடைசியில் நாலு பொருள் மாற்றிய செலவு நிற்கும், பழுதும் நிற்கும்.

இந்த வழியில் ஒரே நன்மை வேகம். ராத்திரி தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டால் யாரும் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்க மாட்டார்கள். கைக்குக் கிடைத்த பேட்டரியைப் போட்டு வீடு சேர்வதுதான் சரி. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்த அவசரம் தேவையில்லை.

பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள சில நூறு ரூபாய் மீட்டர் போதும். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.0 காட்டினால் அநேகமாகக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டையும் போட்ட நிலையில், 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் டைனமோ சரியாக இருக்கிறது என்று பொருள். இந்த மூன்று அளவும் சரியாக இருந்தால் பேட்டரி, டைனமோ இரண்டின் மீதும் கை வைக்க வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "நிக்காம ஓடுது பாருங்க, டைனமோ நல்லாருக்கு" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் டைனமோவின் டயோடுகளைக் கொன்றுவிடும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிந்தைய 800 என்றால் கம்ப்யூட்டர் பெட்டியும் சேர்ந்து போகலாம்.

பேட்டரி சீக்கிரம் சாவதற்கு நம் ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். ஃபுளோரைடும் உப்பும் கலந்த நிலத்தடி நீருக்குப் பேர்போன மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்த போர் தண்ணீரை அவசரத்துக்குப் பேட்டரியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் வேண்டாம். சித்திரை வெயிலில் மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள்.

பழுதைத் தேடுவது

பழைய காரில் பெரும்பாலான கரண்டுக் கோளாறு பொருளில் இருக்காது, இணைப்பில் இருக்கும். அதிலும் எர்த்தில் இருக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்டு பாடி வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டு இருந்தால் போதும். சொட்டுநீர்க் குழாயில் முதல் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தும் கடைசிச் செடி வாடுகிற மாதிரி, பேட்டரியில் 12.6 இருந்தும் பல்பில் 10.8 தான் இருக்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இதைப் பிடிப்பது சுலபம். ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். இன்னொரு முனையை ஹெட்லைட் சாக்கெட்டின் எர்த் காலில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.8, 1 என்று காட்டினால் பழுது அந்தப் பாதையில்தான். முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு இடத்தில் அந்த எண் சட்டென்று விழும். அந்த போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை (லக்) பளபளக்கவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் வேலை முடிந்தது. இதே சோதனையை பிளஸ் பக்கமும் செய்யலாம்.

செல்ஃப் திணறினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் பட்டையைப் பாருங்கள். கிளட்ச் வேலைக்கு இன்ஜினை இறக்கியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது சகஜம். பட்டை இல்லாத வண்டியில் செல்ஃப் கரண்டு சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போகும். இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்துவிட்டு சோக் கேபிளைத் தொட்டால் சுடும். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் மாட்டிப் பாருங்கள். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதே இல்லை.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறதா? டெயில் லைட் மங்குகிறதா? பின்பக்க எர்த் போய்விட்டது. கரண்டு வேறு பல்பு வழியாக வழி தேடுகிறது. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் லாரி வரும்போது பிரேக் லைட் தெளிவாகத் தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி தானாக இறங்குகிறது என்றால் தேட வேண்டியது கரண்டுக் கசிவு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். அப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 500 என்றால் 35 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி மூன்றே நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் பழுது. எல்லா ஃபியூஸும் வெளியே வந்தும் எண் விழவில்லையா? டைனமோவின் கனத்த வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோடு கசியலாம்.

இந்த வழியின் குறை, நேரமும் பொறுமையும் கேட்பது. கடைக்காரருக்கும் இதில் லாபம் குறைவு: ஒரு போல்ட்டைத் தேய்த்ததற்கு என்ன பில் போடுவார்? ஆகவே, தேடும் நேரத்துக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் மேசைமேல் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

முழு வயரிங்

சில வண்டிகளுக்கு இதுதான் சரி. தீச்சுவர் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலுறை பிஸ்கட் போல நொறுங்கினால் ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. தோட்டத்தில் நிற்கும் வண்டியில் எலி நாலைந்து இடத்தில் கடித்திருந்தாலும், பானெட்டுக்குள் ஒரு முறை புகை வந்திருந்தாலும் அப்படியே. ஆரம்பகால அம்பாசடர்களில் ஃபியூஸ்கள் மிகக் குறைவு. ஹெட்லைட் பாதையில் ஃபியூஸே இருக்காது. அங்கே உறை நொறுங்கிய வயர் என்றால் தீயே பிடிக்கலாம்.

இதிலும் இரண்டு வகை. ரெடிமேட் செட் வாங்கி மாட்டலாம். 800, ஆம்னிக்கு பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடலாம், கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் கார்புரேட்டர் வண்டியின் செட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குச் சேராது. பழைய செட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கெட்டுகளை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். அம்பாசடருக்கு அநேகமாகக் கையால் இழுப்பதுதான் வழி. நல்ல ஆள் செய்தால் ரெடிமேடைவிட உழைக்கும். மோசமான ஆள் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரில் இழுத்துவிடுவார். அடுத்த முறை பழுது வந்தால் எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அம்பாசடரின் பழைய பிரிட்டிஷ் நிற முறையை, அதாவது எர்த்துக்குக் கறுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவதற்குப் பழுப்பு, சாவிக்குப் பின் வருவதற்கு வெள்ளை என்பதை, அப்படியே கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு வேண்டவே வேண்டாம். பானெட் சூட்டில் அந்தப் பசை உருகி வழிந்து, ஒரே கோடையில் டேப் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனையை வயரோடு நசுக்கி இறுக்கி, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். வீட்டு வயரையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த உறை எண்ணெய்க்கும் சூட்டுக்கும் ஆனது இல்லை.

பழுதைத் தேடுவதற்கும் முழு வயரிங்குக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பழைய வயரிங் அப்படியே இருக்கட்டும். அதிகக் கரண்டு இழுக்கும் பாதைகளை மட்டும் புதுசாக்குங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், லோ பீமுக்கு ஒன்று ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), புது எர்த். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே வந்ததும் அந்தப் பாரம் ஸ்டியரிங் பக்கத்துப் பழைய சுவிட்சைவிட்டு இறங்கிவிடும். ஒரு நாள் வேலை. லைட் பளிச்சென்று மாறுவதை அன்று ராத்திரியே பார்க்கலாம்.

லைட் மங்கல் என்றதும் 100/90 வாட் பல்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி தவறு, சாக்கெட்டும் உருகும். எல்இடி பல்பு குறைந்த கரண்டு இழுப்பதால் கெட்ட எர்த்திலும் வெள்ளையாக எரியும். பழுது மறையும், தீராது. ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டரில் அதன் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

டைனமோ விஷயத்தில் மட்டும் சுருக்கமாக: சென்னை பாடியில் செய்த பழைய லூகாஸ் டிவிஎஸ் டைனமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கார்பன் (பிரஷ்), பேரிங், டயோடு பிளேட், கட் அவுட் (வோல்டேஜ் ரெகுலேட்டர்) நாலும் மாற்றக் கூடியவை. சுருள் கருகியிருந்தால் மட்டும் புதுசு.

சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருடம் முடிந்து, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கக் கொண்டுபோகிறவர்கள் அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே எர்த்துகளையும் ஹெட்லைட் ரிலேயையும் முடித்துவிடுங்கள். அந்த ஒரு மாத ஓட்டத்தில் புதுச் சாக்கெட்டுகளை இரண்டு தடவையாவது தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்பாவது சுட்டால் அதைத் திரும்பக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.