"லினக்ஸ் போட்டால் எவராலும் ஹேக் செய்ய முடியாது" என்று விற்பவர்களிடம் கவனம்

திருகோணமலையில் உள்ள ஒரு கணினிக் கடை, பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, "ஹேக்கர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள், வைரஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று சொல்லி விற்றுவருகிறது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் என் அக்காவும் அத்தானும் 2024 கடைசியில் அங்கே ஒன்றை வாங்கினார்கள். கணினியின் விலைக்கு மேல் "பாதுகாப்பு அமைப்பு" என்று தனிக் கட்டணமும் அறவிட்டிருக்கிறார்கள்.

மே மாதம் சீசன் தொடங்கிய கையோடு, முன்பதிவு செய்திருந்த வெளிநாட்டவர்களுக்கு விடுதியின் சொந்த மின்னஞ்சலிலிருந்தே கடிதம் போயிருக்கிறது: உங்கள் அட்டை மறுக்கப்பட்டுவிட்டது, உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள். இரண்டு குடும்பங்கள் அனுப்பிவிட்டன. அவர்களுக்கு அக்கா அறைகளை இலவசமாகவே கொடுத்தார். ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அத்தான் பல நாள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. ஏமாற்றியவன் எவனோ, தலைகுனிந்தது இவர்கள்.

நான் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். அந்தக் கணினியைத் திறந்து பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. உள்ளே இருந்தது உபுண்டு 16.04 என்ற பழைய லினக்ஸ் பதிப்பு. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டன. தானியங்கிப் புதுப்பித்தலையும் அணைத்து வைத்திருந்தார்கள். கடையிலிருந்தபடியே பழுது பார்ப்பதற்காம், ரவுட்டரில் வழி திறந்து தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையை இணையத்துக்குக் காட்டியிருந்தார்கள். அதில் நுழைய 'அட்மின்' என்றொரு கணக்கு, கடவுச்சொல்லும் 'அட்மின்'தான்.

நுழைவுப் பதிவேட்டைப் படித்தேன். ரூட், டெஸ்ட், ஒராக்கிள், பை என்று கணக்குப் பெயரை மாற்றி மாற்றி, சில வினாடிக்கு ஒரு தடவை, எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து நுழையப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகத் தோல்வி. அவற்றின் நடுவே ஒரே ஒரு வரி: அட்மின், கடவுச்சொல் ஏற்கப்பட்டது. உலாவியில் சேமித்து வைத்திருந்த மின்னஞ்சல் கடவுச்சொல்லை எடுக்க அதற்குமேல் எந்தத் திறமையும் தேவையில்லை.

அதிகம் பேர் பாவிக்காத இயங்குதளத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்பதுதான் அந்தக் கடையின் வாதம். தேடி வருபவர் மனிதரே அல்லர். இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவும் நிரல்கள் அவை. பூட்டாத கதவு எது என்பது மட்டுமே அவற்றுக்கு வேண்டும். மேசைக் கணினிகளில் லினக்ஸ் குறைவு என்பது உண்மை. ஆனால் உலகத்துச் சர்வர்கள், ரவுட்டர்கள், கண்காணிப்புக் கமெராக்களில் பெரும்பங்கு அதில்தான் ஓடுகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் அத்தகைய கருவிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்ததும், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை அப்படியே போட்டுப் பார்த்துத்தான். அதே ஆண்டு பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பையே பின்கதவு (இரகசிய நுழைவழி) வைத்த பதிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மாக்குக்கு வைரஸ் வராது என்ற பேச்சும் 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாக் கணினிகளைத் தொற்றியபோது பொய்த்துப்போனது.

லினக்ஸைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அதைவிட அரிது. அதற்குப் பாதுகாப்பில் நல்ல பெயர் இருக்கிறது என்றால், தேவையற்ற சேவைகளை ஆரம்பத்திலேயே மூடி வைப்பதாலும், நிரலை வரி வரியாகச் சோதிப்பதாலும் வந்த பெயர் அது.

கடைக்காரரிடம் நேரில் கேட்டேன். "புதுப்பித்தால்தான் தம்பி பழுதாகும்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட்டிருக்கிறோம். அவர்களின் இலக்கம் 1977.

இப்படி லினக்ஸ் போட்ட கணினி வாங்கியவர்கள், 'அட்மின்' போல நீங்கள் உருவாக்காத கணக்கு உள்ளதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணினியை முழுதாக அழித்து, ஆதரவு இன்னும் முடியாத பதிப்பைப் போடுங்கள். ரவுட்டரில் திறந்துவிட்ட வழியையும் மூடச் சொல்லுங்கள், அந்த வேலையை அந்தக் கடையிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.