இனம் கேட்கும் வாசல்கள்: சிங்கப்பூரில் அறையா, முழு வீடா, கூட்டுரிமை வீடா, சொந்த வீடா?

சிங்கப்பூரில் வீடு தேடும் இந்தியரிடம் இரண்டு இடங்களில் இனம் கேட்கப்படுகிறது. ஒன்று, அடுக்குமாடி வீடுகளைக் கட்டி விற்கும் அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கணக்கில். அது சதவீதமாக எழுதி வைக்கப்பட்டது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். இன்னொன்று வீட்டுக்காரரின் மனத்தில். அது எங்கும் எழுதப்படாதது, ஆனால் முகவரின் வாட்ஸ்அப்பில் முதல் கேள்வியாக வந்து நிற்கும். வாடகை, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குத் தூரம், பள்ளி என்று ஒப்பிட்டுச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எந்த வகை வீட்டுக்குப் போனால் இந்த இரண்டில் எது குறுக்கே வரும் என்பதை ஒப்பிட்டுச் சொல்பவர்கள் குறைவு. முதல்முறை வருகிறவர்கள் வாரக்கணக்கில் அலைவது பெரும்பாலும் இதனால்தான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை ஆகிய துறைகளில் வேலை அனுமதியோடு வருகிறவர்கள், மலேசியர்களாக இல்லாவிட்டால், வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளர்களில் மிகப் பெரும் பகுதி இவர்கள். அவர்களுக்கு விடுதிதான். கீழே உள்ள அலசல், தேர்ந்தெடுக்கும் உரிமையாவது கையில் இருப்பவர்களுக்கு.

வீட்டுக்காரர் உடனிருக்கும் அறை

செலவு குறைவு, சாமான் எல்லாம் இருக்கும், பெட்டியோடு போய் இறங்கலாம். வீவகவின் வாடகை ஒதுக்கீடு அறைகளுக்குக் கிடையாது. ஆகவே எழுதி வைத்த கணக்கு இங்கே தடையில்லை. ஆனால் எழுதாத கணக்கு மிகக் கடுமையாக இருப்பதும் இங்கேதான். ஒரே சமையலறை, ஒரே குளிர்பதனப் பெட்டி என்பதால் “நான் பொதுவாக இனம் பார்ப்பதில்லை, ஆனால் வீட்டுக்குள் என்றால்...” என்று சொல்வது வீட்டுக்காரருக்கு எளிதாகிவிடுகிறது.

அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. மசாலா வாசனை சுவரில் ஏறிவிடும், ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் நாலு பேர் வந்துவிடுவார்கள், வாடகை தாமதமாகும். இரண்டாவதும் மூன்றாவதும் இனத்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஆள் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதலாம், வீவகவில் குடியிருப்போர் பெயர்களைப் பதிய வேண்டியதும் கட்டாயம். வாடகை ஒழுங்காக வருமா என்பதைச் சம்பளச் சீட்டும் வேலை அனுமதியும் சொல்லிவிடும். இந்தியரை ஒதுக்கும் வாடகை விளம்பரங்கள் சீனாவிலிருந்து வருபவர்களையும் அதே வரியில் ஒதுக்குகின்றன. ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பது என்பது இதுதான்.

முதல் காரணம் மட்டும் சமையலறையைத் தொடுவதால் அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்று போட்டிருந்தால் பலருக்கு அது நூடுல்ஸ் அவிப்பது, முட்டை வேகவைப்பது. நமக்கு அது ரசம் வைத்து அப்பளம் பொரிப்பது. கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளிக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. சாவி வாங்கிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை. “தினமும் சமைப்போம், தாளிப்போம், வாரம் இரண்டு நாள் பொரிப்போம், மீனும் செய்வோம்” என்று பார்க்கப் போகும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். சம்மதம் என்றால் அதே வாசகம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். சமைக்காதவர், தனி ஆள், ஆறு மாதத்துக்கு ஓர் இடம் போதும் என்பவர் தவிர மற்றவர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வீவக முழு வீடு

இங்கே இரண்டு கேள்விகளும் சேர்ந்து வருகின்றன, எழுதி வைத்த கணக்கு மட்டும் இனத்துக்குப் பதிலாக நாட்டைக் கேட்கும். 2014 முதல் வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விடுவதில் ஓர் ஒதுக்கீடு உண்டு: பேட்டை (பல கட்டடங்கள் சேர்ந்த குடியிருப்புப் பகுதி) அளவில் 8 சதவீதம், புளோக் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) அளவில் 11 சதவீதம். அது நிரம்பிவிட்டால் அந்த புளோக்கில் சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மட்டுமே முழு வீட்டை விடலாம். மலேசியர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே ஈப்போவிலிருந்து வரும் தமிழர் கணக்கைத் தாண்டிவிடுவார், திருச்சியிலிருந்து வருபவர் மாட்டிக்கொள்வார். வீட்டுக்காரரின் மனவாசலில் இருவரும் ஒன்றுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு என்னவென்றால், வீடு பிடித்து, பேசி முடித்து, முன்பணமும் கொடுத்த பிறகே ஒதுக்கீடு நிரம்பியது தெரியவருகிறது. புளோக் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரை முதலில் வீவக இணையதளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாடகைக்கு விடுவதற்கு வீவகவின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் இருந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. முழு வீட்டை வாடகைக்கு விடுவதற்கு வீட்டுக்காரர் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், குறைந்தபட்ச வசிப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும்.

ஒரு பெரிய சாதகம்: பழைய வீவக வீடுகளில் சமையலறை தனி அறை. கதவு உண்டு, பெரிய சன்னல் உண்டு, துணி காயப்போடும் இடம் ஒட்டியே இருக்கும். தாளித்தால் வாசனை வெளியே போகும், கூடத்து சோஃபாவுக்கு வராது. தினமும் சமைக்கும் குடும்பத்துக்கு 1980களில் கட்டிய நான்கறை வீடு, பளபளக்கும் புது வீட்டைவிட நிம்மதி.

கூட்டுரிமை வீடு

காண்டோமினியம் எனப்படும் இந்தத் தனியார் அடுக்குமாடி வீடுகளில் எழுதி வைத்த ஒதுக்கீடு எதுவும் இல்லை. குறைந்தபட்ச வாடகைக் காலம் மூன்று மாதம். பல உரிமையாளர்கள் முதலீட்டுக்காக வாங்கியவர்கள், அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்திருக்க மாட்டார்கள். அவர்களோடு பேச்சு வாடகைத் தொகையைப் பற்றியே இருக்கும். மறுப்பு இங்கேயும் உண்டு, ஆனால் பேரம் பேச இடமும் உண்டு. நிறுவனமே குத்தகைதாரராகக் கையெழுத்திட்டால் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் நிறுவனம் சம்மதித்தால் அதை விட வேண்டாம்.

சிக்கல் அடுப்படியில். புதுக் கூட்டுரிமை வீடுகளில் சமையலறை திறந்த அமைப்பு, கூடத்தின் ஒரு மூலையே அடுப்பு. புகைபோக்கியைப் பாருங்கள்: குழாய் வெளியே போகிறதா, அல்லது காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா? இரண்டாவது வகை என்றால் கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மேற்கூரையில் மஞ்சள் வட்டமாகப் படியும். வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் கறை இறங்கிவிடும். காலி செய்யும்போது வைப்புத்தொகையில் கை வைக்கக் காட்டப்படும் இடங்கள் இவைதான்.

ஆகவே சாவி வாங்கிய அன்றே புகைபோக்கியின் வலையை, அடுப்புக்குப் பின்சுவரை, மேற்கூரையை, அலமாரியின் உட்புறத்தை, திரைச்சீலையைப் படமெடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போகும்போது சுத்தம் செய்ததற்கும் திரைச்சீலை உலர்சலவைக்கும் ரசீது வைத்திருங்கள். பணம் வராவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்புக் குத்தகைக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசுவது படங்கள்தான்.

நிறுவனங்கள் நடத்தும் கூட்டு வசிப்பிடங்களில் தனி வீட்டுக்காரரின் விருப்பு வெறுப்புக்கு வேலை இல்லை. ஆனால் அடுப்பு பெயருக்குத்தான். முதல் மூன்று மாதத்துக்குச் சரி.

முகவரிடம் எதை முதலில் சொல்வது

இனம், நாடு, வேலை, அனுமதியின் வகை, ஆள் எண்ணிக்கை, சமையல், குடிவரும் தேதி என்று ஒரு விவரக் குறிப்பை முகவர் கேட்பார். இனத்தை மறைத்து வீட்டைப் பார்த்துவிடலாம், நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று சிலர் நினைக்கிறார்கள். சில நேரம் மாறவும் செய்கிறது. ஆனால் வேலைநாள் மாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்து போய், “ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்” என்று கேட்டுத் திரும்புவது பலமுறை நடந்தால் ஆளே சோர்ந்துவிடுவார். “இந்தியக் குடும்பம், மூன்று பேர், தினமும் சமைப்போம், உரிமையாளருக்குச் சம்மதமா?” என்று முதல் செய்தியிலேயே கேட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை. இதில் அநியாயம் தீரவில்லை. உங்கள் மாலைப்பொழுது மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

பதிவு பெற்ற முகவர் இனத்தை ஒதுக்கும் விளம்பரம் போட்டால் சொத்து முகவர்கள் மன்றத்தில் புகார் செய்யலாம். முகவர்களுக்கான அதன் நெறிமுறைகள் அதை ஏற்பதில்லை. வீட்டுக்காரர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு மறுத்தால் புகார் செய்ய இடமில்லை. பலமுறை மறுக்கப்பட்டவர்கள்தான் “யாரும் வரலாம், உடனே பணம் அனுப்புங்கள்” என்னும் மோசடிக்கு எளிதில் விழுகிறார்கள். முகவரின் பதிவு எண்ணை மன்றத்தின் பட்டியலில் பாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது.

முதலில் விருப்பக் கடிதம், அதோடு பொதுவாக ஒரு மாத வாடகை, பிறகு ஒப்பந்தம். சமையல் வாசகம் அந்த முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். கையெழுத்தானதும் 14 நாளுக்குள் முத்திரை வரி: நான்கு ஆண்டு வரையிலான குத்தகைக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் 288 வெள்ளி.

ஒதுக்கீடா, தடைச் சட்டமா?

அரசுகளும் இப்படி இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்திருக்கின்றன. பிரிட்டன் 1968இல் வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது, இப்போது அது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அங்கே வருமானமும் வேலையும் ஒத்த இருவரை, இனம் மட்டும் வேறாக, ஒரே வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனை முறை உண்டு. ஒருவருக்கு “காலி இல்லை”, மற்றவருக்கு “நாளைக்கே வாருங்கள்” என்றால் வழக்குத் தொடரலாம். 1982இல் உச்ச நீதிமன்றம் சோதனையாளருக்கே அந்த உரிமை உண்டு என்றது.

சிங்கப்பூர் வேறு பக்கம் போனது. பிடோக், தெம்பனிஸில் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று குவிவதைக் கண்டு, 1989இல் எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் சதவீத வரம்பு கட்டும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அது இனச் சேரி உருவாகாமல் தடுத்தது. மின்தூக்கியில், உணவங்காடியில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். இது சிறிய காரியமில்லை. ஆனால் அது வாசலில் நிற்கும் வாடகைக்காரருக்காக வந்ததல்ல. 2025இல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வேலைக்குத்தான், வீட்டுக்கில்லை. ஒதுக்கீடு இருக்கட்டும், வாடகைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பக்கத்து வீட்டுச் சண்டையில் சட்டத்துக்கு முன்னால் ஊரே வந்ததும் உண்டு. சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கறி வாசனை பிடிக்கவில்லை என்று முறையிட, அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் சமைக்க இந்தியக் குடும்பம் சமரச மையத்தில் ஒப்புக்கொண்ட கதை 2011இல் வெளியானது. அந்த ஆகஸ்ட் 21 அன்று சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் வீட்டில் கறி சமைத்தார்கள்.

‘சைவம் மட்டும்’ என்று பலகை மாட்டும் சென்னை வீட்டுக்காரரும், ‘இந்தியர் மட்டும்’ என்று போடும் சிங்கப்பூர்த் தமிழரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் வீடு வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள்.

மறுவிற்பனை வீடு

மறுவிற்பனைக்கு வரும் வீவக வீட்டை வாங்கினால் வீட்டுக்காரர் மனவாசல் இல்லை. எழுதி வைத்த கணக்கு மட்டும்தான், ஆனால் அது விற்கும் நாள்வரை கூடவே வரும். தம்பதி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் அந்த உரிமை கிடைத்து மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனியாகப் பேட்டையில் 5, புளோக்கில் 8 சதவீத வரம்பும் உண்டு.

இன வரம்பு பேட்டையிலும் புளோக்கிலுமாக: சீனர் 84, 87, மலாய்க்காரர் 22, 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 12, 15. கடைசி எண்கள் 2010 மார்ச் வரை 10, 13 ஆக இருந்தன. 2020 கணக்கெடுப்பில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2 சதவீதம். வீட்டுக் கணக்கும் ஆள் கணக்கும் ஒன்றல்ல என்றாலும் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: மற்ற இருவருக்கும் தங்கள் பங்குக்கு மேல் எட்டு, பத்து புள்ளி இடம் இருக்கிறது. மற்றவரோடு சேர்ந்து 12.2 சதவீதமாக இருக்கும் நமக்குப் பேட்டை வரம்பு 12.

வரம்பு நிரம்பினால் என்ன ஆகும்? இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் ‘இந்தியரும் மற்றவரும்’ என்ற அதே பிரிவினரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். வாங்குபவருக்குக் கஷ்டம், விற்பவருக்குப் பேரம் பேசும் பலம். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தலைகீழ்: இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் போய்விடுகிறார்கள், விலை இறங்குகிறது, மாதங்கள் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர், அதே மலிவுக்குத்தான் ஒருநாள் விற்பார். 2022 முதல், பத்து ஆண்டு வைத்திருந்து ஆறு மாதம் முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து கடைசி வழியாக வீவகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதை நம்பி வாங்க வேண்டாம்.

கலப்புத் திருமணத் தம்பதி, யாருடைய இனத்தில் வீட்டைப் பதிவது என்பதை வாங்கும்போதே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பெட்டியில் அவசரமாக டிக் போட்டுவிடாதீர்கள்.

ஒதுக்கீட்டு நிலவரம் மாதத்தின் முதல் தேதி புதுப்பிக்கப்படும். வீவக இணையச் சேவையில் புளோக் எண்ணைப் போட்டு, வாங்குபவராக ஒருமுறை பாருங்கள். பிறகு அதே புளோக்கில் நீங்கள் இந்திய விற்பனையாளர் என்று வைத்து இன்னொருமுறை பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகே, வீட்டை உங்களுக்காக ஒதுக்கி வைக்கும் வாங்கும் விருப்பத்துக்கான (option) 1,000 வெள்ளி வரையிலான பணத்தை எடுங்கள். கொடுத்துவிட்டால் மனம் மாற உங்களுக்கு இருப்பது 21 நாள், மாறினால் அந்தப் பணம் திரும்பாது.